எல்லாப் பிள்ளைகளையும் காலேஜுக்கு அனுப்பணுமா? பிளஸ் டூ ரிசல்ட்டுக்கு முன்னால் ஒரு தெளிவு வேணும்

திருவட்டாறு வாசகசாலை கேட்டது:

வணக்கம். பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் வருகிற முதல் ஞாயிற்றுக்கிழமை, ஊர்ப் பிள்ளைகளையும் பெற்றோரையும் வாசகசாலையில் கூட்டி அடுத்து என்ன படிக்கலாம் என்று சொல்ல ஏற்பாடு நடக்கிறது. கமிட்டிக்குள் இரண்டு கருத்து. "பல்கலைக்கழகப் படிப்பு பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கிடைக்கணும், அதையே நோட்டீஸில் தலைப்பாகப் போடுவோம்" என்று பாதிப் பேர். "பி.காம். முடிச்சு மார்த்தாண்டத்தில் ஜவுளிக்கடையில் நிற்க மூணு வருஷம் எதுக்கு? கொத்தன் கூலி ஆயிரத்தைத் தாண்டியாச்சு, வெல்டிங் தெரிஞ்சவன் கல்ஃபுக்குப் போறான்" என்று மீதிப் பேர். இரண்டு பக்கமும் பிள்ளைகள் மேல் அக்கறை உள்ளவர்கள்தான்.

வரப்போகிறவர்கள் பெரும்பாலும் அரசுப் பள்ளி, எய்டட் பள்ளிப் பிள்ளைகள். அப்பா ரப்பர் வெட்டு, கொத்து வேலை. அம்மா அண்டி ஆபீஸ் (முந்திரி ஆலை). கடப்புறத்திலிருந்தும் (கடற்கரை ஊர்கள்) சிலர் வருவார்கள். நோக்கம் சரியா என்பது ஒரு கேள்வி. மைக்கைப் பிடித்து என்னென்ன விவரம் சொல்லணும் என்பது அடுத்தது. தெரிந்தவர்கள் விவரமாக எழுதுங்கள்.

---

தென்திருவிதாங்கூர் பதில்:

நோக்கம் சரி. தயங்காமல் நோட்டீஸில் போடுங்கள்.

நம்ம குமரி மாவட்டத்தில் இந்தக் கேள்விக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. 1817-லேயே திருவிதாங்கூர் ராணி கௌரி பார்வதி பாய், குடிகளின் கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்று கட்டளை இட்டார். ஆனாலும் எழுத்து எல்லார் வீட்டுக்கும் வந்து சேரவில்லை. பெண்கள் மார்பை மறைக்கத் தோள்சீலை போட உரிமை கேட்டு 1859 வரை போராட வேண்டியிருந்த ஊர் இது. யார் படிக்கலாம், யாருக்கு எது போதும் என்பதைச் சாதி தீர்மானித்தது. 1819 வாக்கில் நாகர்கோவிலில் மிஷன் செமினரியும் பெண்பிள்ளைகள் பள்ளியும் தொடங்கின; அந்தச் செமினரி வளர்ந்துதான் 1893-ல் ஸ்காட் கிறித்தவக் கல்லூரி. 2011 கணக்கெடுப்பில் மாநிலத்தின் எழுத்தறிவு 80.09 சதவீதம், குமரியில் 91.75. "எல்லாருக்கும் காலேஜ் எதுக்கு" என்று சொல்பவர்களிடம் ஒன்று கேளுங்கள்: உங்க பிள்ளைக்கும் அதையேதான் சொல்வீங்களா? பெரும்பாலும் அடுத்த வீட்டுப் பிள்ளையை நினைத்துத்தான் அந்த வாக்கியம் வரும்.

உயர்கல்வி ஆய்வாளர் மார்ட்டின் ட்ரோ 1973-ல் ஒரு அளவுகோல் வைத்தார். அந்த வயதுப் பிள்ளைகளில் 15 சதவீதம் வரை படித்தால் அது மேல்தட்டுக் கல்வி, 15 முதல் 50 வரை வெகுசனக் கல்வி, அதற்கு மேல் பொதுக் கல்வி. 2021–22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி இந்தியாவின் சேர்க்கை விகிதம் 28.4, தமிழ்நாட்டின் விகிதம் 47. அதாவது "பெரும்பாலானோர்" என்ற கோட்டின் விளிம்பில் நாம் ஏற்கெனவே நிற்கிறோம். ஒன்றைக் கவனியுங்கள்: இந்த 47-ல் பாலிடெக்னிக் டிப்ளமோவும் நர்சிங் டிப்ளமோவும் அடக்கம். ஐ.டி.ஐ. மட்டும் சேராது. ஆகவே பி.ஏ. ஒரு பக்கம், தொழில் ஒரு பக்கம் என்று கமிட்டி பிரிந்து நிற்பது பாதிக்கு மேல் வீண் சண்டை.

எதிர்த்தரப்பில் ஒரு உண்மை இருக்கிறது, அதை மறைக்க வேண்டாம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2024 இந்திய வேலைவாய்ப்பு அறிக்கைப்படி, 2022-ல் பட்டதாரி இளைஞர்களில் வேலையில்லாதோர் 29.1 சதவீதம், எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களில் 3.4. இதைக் காட்டித்தான் "படிச்சவனுக்கு வேலை இல்லை" என்பார்கள். எழுத்தறியாதவர் வேலையில்லாமல் ஒரு மாதம்கூட இருக்க முடியாது, கிடைத்ததைச் செய்தே ஆகணும், அதனால் அந்த எண் சிறிது. பட்டதாரி காத்திருக்கிறார். ஆனால் காத்திருக்கிற காலத்தில் அடுப்பு எரிவது யார் கூலியில் என்பது நியாயமான கேள்வி. அதனால்தான் "காலேஜுக்குப் போ" என்பதோடு எந்த சீட், என்ன செலவு என்பதையும் சேர்த்தே சொல்லணும்.

ஒரே கட்டடத்தில் எய்டட் பிரிவும் செல்ஃப் பைனான்ஸ் பிரிவும் இருக்கும். பட்டத்தில் வித்தியாசம் தெரியாது, ஃபீஸ் பல மடங்கு வித்தியாசப்படும். விண்ணப்பத்தில் எந்தப் பிரிவு என்று பார்க்காமல் கையெழுத்துப் போடுகிறவர்கள் நிறைய. நாகர்கோவில் கோணத்தில் உள்ளது போன்ற அரசுக் கலைக் கல்லூரிகளுக்கு ஆன்லைனில் ஒரே பொது விண்ணப்பம்தான். கட்டணம் 48 ரூபாயும் பதிவுக்கு 2 ரூபாயும், எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 2 ரூபாய் மட்டும். வேறு எங்கே சேர நினைத்தாலும் இந்த 50 ரூபாயை முதலில் கட்டிவிடச் சொல்லுங்கள்.

---

கல்குளம் கணக்கு பதில்:

மேலே உள்ளவர் நோக்கத்தைச் சொன்னார். பணம் எந்த மாதத்தில் கையில் இருக்கும் என்பதை நான் சொல்கிறேன். நம்ம மாவட்டத்தில் பிள்ளை காலேஜை விடுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

அட்மிஷன் ஃபீஸ் கேட்பது ஜூன், ஜூலை. குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் விசைப்படகுக்குத் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31. கிழக்குக் கடற்கரைத் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14. அதே ஜூனில் தென்மேற்குப் பருவமழை. ரப்பரில் மழைக்காப்பு கட்டாத மரத்தில் வெட்டு நடக்காது, கொத்து வேலையும் நாள்கணக்கில் நிற்கும். வீட்டில் பணமே இல்லாத இரண்டு மாதத்தில் வருஷத்தின் பெரிய செலவு வருகிறது. அப்போதுதான் வட்டிக்காரரிடம் போகிறார்கள். ஆகவே சேமிப்பாக இருந்தாலும் சீட்டாக இருந்தாலும் மே மாதத்துக்குள் கைக்கு வரும்படி வைத்துக்கொள்ளச் சொல்லணும். இதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோருக்கும் சொல்லுங்கள், அவர்களுக்குத்தான் இன்னும் நேரம் இருக்கிறது.

அடுத்தது, மேலே படிக்கிற பிள்ளைகளுக்கு அரசு தரும் மாதம் 1,000 ரூபாய். பெண்பிள்ளைகளுக்குப் புதுமைப்பெண் 2022 செப்டம்பரிலும், பையன்களுக்குத் தமிழ்ப்புதல்வன் 2024 ஆகஸ்டிலும் வந்தன. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்கணும். எய்டட் பள்ளி என்றால் தமிழ் வழியில் படித்திருக்கணும். நம்ம மாவட்டத்தில் எய்டட் பள்ளிகள் மிக அதிகம் என்பதால் சிக்கல் இங்கேதான்: ஒரே எய்டட் பள்ளியில் ஆங்கில வழியில் படித்த பிள்ளைக்கு இது இல்லை. ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் பிள்ளைகளுக்கும் உண்டு, தொலைநிலைக் கல்விக்குக் கிடையாது. பணம் வராமல் நிற்பதற்கு முக்கால்வாசிக் காரணம், பிள்ளையின் பெயரில் உள்ள கணக்கில் ஆதார் இணைப்பு இல்லாதது. அம்மா கணக்கைக் கொடுத்தால் வராது. ரிசல்ட்டுக்கு முன்பே வங்கியில் போய், ஆதார் வழியாக நேரடிப் பணப் பரிமாற்றத்துக்கு இணைத்தாயிற்றா என்று கேட்டு உறுதி செய்யணும்.

தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத ஒதுக்கீடு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும். எய்டட் பள்ளிக்கு இல்லை. அதில் பொறியியல் சீட் கிடைத்தால் ஃபீஸும் ஹாஸ்டலும் அரசு ஏற்கும். இதைத் தெரியாமல் மேனேஜ்மென்ட் கோட்டாவில் பணம் கட்டிச் சேர்த்தால் அந்த உரிமை போய்விடும்.

ஃபீஸ் சலுகை தரும் முதல் பட்டதாரி சான்றிதழும் அப்படித்தான். கவுன்சலிங் வழியாகச் சேர்ந்தால்தான் அதற்கு மதிப்பு. தாத்தா பாட்டி, அப்பா அம்மா, அண்ணன் அக்கா என்று வீட்டில் ஒருவரும் பட்டதாரியாக இருக்கக் கூடாது. மூத்தவர் ஒருமுறை இந்தச் சலுகையை வாங்கியிருந்தால் இளையவருக்குக் கிடையாது. இ-சேவை மையத்தில் 60 ரூபாய். ரேஷன் கார்டு, ஆதார், வீட்டில் படித்தவர்களின் டி.சி., சுய உறுதிமொழி எல்லாம் வேணும். பழைய டி.சி. கிடைக்காமல் மனு கிடப்பில் நிற்பது சாதாரணம். மே, ஜூனில் எல்லாரும் ஒரே நேரத்தில் போடுவதால் கிராம நிர்வாக அலுவலரிடமும் வருவாய் ஆய்வாளரிடமும் மனுக்கள் குவிந்துவிடும். வருமானச் சான்றையும் சேர்த்து ஏப்ரலிலேயே போட்டுவிடுங்கள்.

கல்விக்கடன் பற்றி ஒரு கணக்கை அப்படியே கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள். 4 லட்சம் வரை முன்பணம் கேட்கக் கூடாது, 7.5 லட்சம் வரை சொத்து ஈடு கேட்கக் கூடாது. பெற்றோர் கூட்டுக் கடனாளி, அவ்வளவே. நான்கு வருஷப் படிப்புக்கு வருஷம் 1 லட்சம், வட்டி 10 சதவீதம் என்று வையுங்கள். படிக்கும் காலமும் அதற்கு மேல் ஒரு வருஷமும் தவணை இல்லை, ஆனால் தனிவட்டி ஓடிக்கொண்டிருக்கும். முதல் லட்சத்துக்கு 50,000, இரண்டாவதுக்கு 40,000, பிறகு 30,000, 20,000. கட்டத் தொடங்கும் நாளில் கடன் 5.40 லட்சம். பத்து வருஷத்தில் அடைக்க மாதம் ஏறத்தாழ 7,140. படிக்கும்போதே வட்டியை மாதாமாதம் கட்டினால், முதல் வருஷம் 833 ரூபாயில் தொடங்கி நான்காம் வருஷம் 3,333 வரை போகும். பிறகு தவணை 5,290-க்குள் நிற்கும். குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, தொழிற்படிப்பாகவும் நாக் அல்லது என்.பி.ஏ. தரச்சான்று பெற்ற நிறுவனமாகவும் இருந்தால் அந்தக் காலத்து வட்டியை மத்திய அரசு மானியமாகத் தரும். சேரும் முன்பே அந்தச் சான்று இருக்கிறதா, எந்தத் தேதி வரை செல்லும் என்று பார்க்கணும். முதல் வேலையில் 15,000 சம்பளம் வாங்கும் பையனுக்கு 7,140 தவணை என்றால் அவன் ஊரை விட்டு வெளியே தங்கி வேலை பார்க்க முடியாது. பெரும்பாலானோருக்குப் படிப்பு என்று சொல்கிறவர்கள் இந்தத் தவணையையும் பார்த்தே சொல்லணும்.

---

கோணம் பட்டறை பதில்:

வாசகசாலை அண்ணன், இரண்டாவது கோஷ்டி சொல்வதில் ஒரு பிழை இருக்கிறது. "வெல்டிங்குக்குப் படிப்பு வேண்டாம்" என்பது ஜன்னல் கம்பி ஒட்டுகிற வேலைக்குச் சரி. கப்பல் கட்டும் தளத்திலும் எண்ணெய்க் கம்பெனியிலும் 6ஜி டெஸ்ட் வைப்பார்கள். பைப்பை 45 டிகிரி சாய்த்து அசையாமல் பொருத்தியிருக்கும், அதைத் திருப்பாமல் சுற்றிலும் நீ நகர்ந்து வெல்டு போடணும். பிறகு எக்ஸ்ரே. ரூட் ரன் (அடியில் போடும் முதல் வெல்டு) உள்ளே சரியாக இறங்கவில்லை என்றாலோ, உள்ளே காற்றுக்குமிழி தெரிந்தாலோ ஃபெயில். நம்ம ஊர் ஜூன் மாத ஈரத்தில் 7018 என்ற வெல்டிங் ராடு பெட்டியைத் திறந்து வைத்தால் ஈரம் குடிக்கும்; 300 டிகிரிக்கு மேல் ஓவனில் ஒன்றிரண்டு மணி நேரம் சுட்டுவிட்டுத்தான் பயன்படுத்தணும். ஏன் சுடணும் என்பது வேதியியல். எத்தனை ஆம்பியர், எந்த ராடு என்று எழுதிய செயல்முறைத் தாள் ஆங்கிலத்தில் இருக்கும். அதை வாசிக்கத் தெரியாதவனுக்கு உதவியாளர் கூலிதான். இதுவும் கல்வி. பத்தாம் வகுப்பு பாஸ் இல்லாவிட்டால் பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். (குடிபெயர்வுச் சோதனை தேவை) என்று விழும், வளைகுடா போக குடிபெயர்வு அனுமதி தனியாக வாங்கணும், அதையும் சொல்லுங்கள்.

மைக்கில் சொல்ல வேண்டியது ஏணி. ஐ.டி.ஐ.யில் சேர்ந்தால் காலேஜ் கதவு மூடிவிடும் என்று பயப்படுகிறார்கள், மூடாது. பத்தாவது முடித்து ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் போன்ற இரண்டு வருஷ ட்ரேடு. அங்கிருந்து பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாம் ஆண்டு, இரண்டு வருஷம். டிப்ளமோ வைத்து பி.இ. நேரடி இரண்டாம் ஆண்டு, மூன்று வருஷம். மொத்தம் ஏழு. பிளஸ் டூ வழியாகப் போனால் இரண்டும் நான்கும் ஆறு. கூடுதல் ஒரே வருஷம், கையில் இரண்டு சான்றிதழ், இடையில் எந்தப் படியில் நின்றாலும் சம்பளம் உண்டு. பத்தாவதிலிருந்து நேராக பாலிடெக்னிக் போனால் மூன்றும் மூன்றும் ஆறு, பிளஸ் டூ வழிக்குச் சமம். கடப்புறப் பிள்ளைகளுக்கு இன்னொன்றும் சொல்லணும்: கொச்சி, சென்னை, விசாகப்பட்டினத்தில் மத்திய அரசின் மீன்பிடித் தொழில் பயிற்சி நிறுவனமான சிப்நெட் நடத்துகிற இரண்டு வருஷ வெசல் நேவிகேட்டர், மரைன் ஃபிட்டர் பயிற்சி. பத்தாவதில் கணக்கும் அறிவியலும் உருப்படியாக இருந்தால் போதும்.

ஏணி முறிகிற இடம் பி.இ. மூன்றாம் செமஸ்டர் கணக்கு. முதல் வருஷம் படிக்காமல் உள்ளே வருகிறவர்களுக்கு ஃபூரியர் தொடரும் பகுதி வகைக்கெழுச் சமன்பாடும் நேராக முகத்தில் வந்து மோதும். கல்லூரி திறக்கும் முன் பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தில் வகையிடல், தொகையிடல் இரண்டையும் ஆறு வாரம் போட்டுப் பழகினால் தப்பிக்கலாம். ஐ.டி.ஐ. பக்கம் முறிகிற இடம் அப்ரண்டிஸ் (கம்பெனியில் தொழில் பழகுவது). தேர்வு பாஸ் ஆனதும் சான்றிதழோடு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அப்ரண்டிஸ் முடித்துத் தேசியச் சான்று வாங்கினவனுக்கும் வாங்காதவனுக்கும் கம்பெனி வாசலிலேயே வித்தியாசம் தெரியும்.

பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பொறியியல் கட் ஆஃபை அங்கேயே போட்டுக் காட்டுங்கள். கணக்கு நூற்றுக்கு அப்படியே, இயற்பியல் பாதி, வேதியியல் பாதி. 78, 70, 66 என்றால் 78 + 35 + 33 = 146. கணக்கில் போன ஒரு மார்க் முழுசாகப் போகும், மற்றதில் போனால் அரை மார்க்.

உண்மையில் "பெரும்பாலானோருக்கு" என்ற கதவு பிளஸ் டூ ரிசல்ட்டில் மூடுவதில்லை. பிளஸ் ஒன்னில் குரூப் எடுக்கும்போதே மூடுகிறது. கணக்கைப் பயந்து விட்ட பிள்ளைக்கு பி.இ. இல்லை, உயிரியலை விட்ட பிள்ளைக்கு பி.எஸ்சி. நர்சிங் இல்லை. ஆகவே பத்தாவது ரிசல்ட்டுக்கும் ஒரு கூட்டம் வையுங்கள்.

---

திருவட்டாறு வாசகசாலை:

பட்டறைச் சாரே, மிக்க நன்றி. பத்தாவது கூட்டத்துக்கு இன்றே தேதி குறிக்கிறோம். ஒரு விஷயம் விட்டுப்போச்சு. பெண்பிள்ளைகளில் பாதிப் பேர் நர்சிங் என்பார்கள். பக்கத்து மாநிலக் கல்லூரிகளுக்கு ஆள் பிடிக்கிற ஏஜென்டுகள் ரிசல்ட் அன்றே வீடு வீடாக வருகிறார்கள். என்ன பார்த்துச் சேர்க்கணும்?

---

செவிலி அக்கா பதில்:

பி.எஸ்சி. நர்சிங் நான்கு வருஷம். இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் வேணும். ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமோ மூன்று வருஷம், பிறகு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. இரண்டு வருஷம் படித்துப் பட்டம் ஆக்கலாம். பணம் இல்லாத வீட்டில் ஜி.என்.எம். முடித்து வேலைக்குப் போய் பிறகு மேலே படிப்பது கௌரவமான வழி, குறைவாக நினைக்க வேண்டாம்.

ஏஜென்டிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி ஆஸ்பத்திரி பற்றியது. பி.எஸ்சி. நடத்தும் கல்லூரிக்கு 100 படுக்கை உள்ள சொந்த மருத்துவமனை இருக்கணும் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் விதி. படத்தைக் காட்டுவார்கள், நம்ப வேண்டாம். ஒரு வேலை நாளில் முன்னறிவிப்பு இல்லாமல் போய், வார்டில் நோயாளி படுத்திருக்கிறாரா என்று எட்டிப் பாருங்கள். நோயாளி இல்லாத கட்டிலைச் சுற்றி நின்று படித்த பிள்ளைக்கு ஊசி போடக் கை வராது, இன்டர்வியூவில் பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

அடுத்தது ஒரிஜினல் சான்றிதழ். சரிபார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கணும், பிடித்து வைக்கக் கூடாது என்று யு.ஜி.சி. 2018-லேயே அறிவித்திருக்கிறது. ஏஜென்டு கையில் ஒரிஜினல் மார்க் ஷீட்டைக் கொடுத்தால், மனம் மாறினாலும் பிள்ளை வெளியே வர முடியாது, முழுக் கோர்ஸ் ஃபீஸையும் கேட்பார்கள். நகலில் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், ஒரிஜினலை நீங்களே கொண்டு போங்கள். ரசீதில் கல்லூரியின் பெயர் இருக்கணும். ஏஜென்டு பெயரில் கூகுள் பே வேண்டாம்.

வெளிமாநிலத்தில் படித்தால் அங்குள்ள கவுன்சிலில் பதிவாகும். தமிழ்நாட்டில் வேலை பார்க்க இங்கே மறுபதிவு செய்யணும், அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். வெளிநாடு நினைப்பவர்கள் மூன்றாம் வருஷத்திலேயே மொழியைத் தொடங்கணும். ஜெர்மனிக்கு பி2 நிலை ஜெர்மன். பிரிட்டனுக்கு ஐ.இ.எல்.டி.எஸ். என்றால் வாசிப்பு, கேட்பு, பேச்சு மூன்றிலும் 7, எழுத்தில் 6.5. வேலை தெரிந்தும் மொழியில் நின்றுபோனவர்கள்தான் அதிகம்.

---

தென்திருவிதாங்கூர்:

கடைசியாக ஒன்று. சேர்ப்பதோடு கூட்டத்தை முடித்துக்கொள்ளாதீர்கள். தமிழ் வழியில் வந்த பிள்ளைகள் பின்தங்குவது முதல் செமஸ்டரில். பாடம் தெரிந்திருக்கும், ஆங்கிலச் சொல் தெரியாது. நவம்பர் தேர்வில் துணைப்பாடக் கணக்கோ ஆங்கிலமோ அரியர் விழும். அரியர் விழுந்த பிள்ளை பரீட்சைக் கட்டணத்துக்கு வீட்டில் கை நீட்ட வெட்கப்பட்டு கேட்டரிங் வேலைக்குப் போகும். முகூர்த்த நாட்கள் நெருக்கமாக வரும் ஆவணியிலும் தையிலும் வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே இறங்கும். 65-க்கு மேல் இருந்தால் பணம் கட்டி எழுதலாம். அதற்கும் கீழே போனால் அந்தத் தடவை தேர்வே எழுத முடியாது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குப் பிள்ளை "படிப்பை விட்டுட்டான்" என்று தெரியும், நடந்தது இவ்வளவுதான்.

அக்டோபர் முதல் வாரத்தில் அதே பிள்ளைகளைத் திரும்பக் கூப்பிடுங்கள். வருகைப்பதிவு எவ்வளவு, உதவித்தொகை கணக்கில் விழுந்ததா, எந்தப் பாடம் புரியவில்லை என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதி வையுங்கள். கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் சீனியர் பிள்ளைகள் இரண்டு பேரை ஆறு ஞாயிற்றுக்கிழமை உட்கார வைத்தால் போதும். வாசகசாலையில் மேஜை இருக்கிறது, விளக்கு இருக்கிறது. துறைவாரியாக ஆங்கிலக் கலைச்சொல்லும் தமிழும் எழுதிய ஒரு நோட்டுப் புத்தகத்தை அந்த மேஜையில் கட்டி வையுங்கள், ஒவ்வொரு வருஷமும் படித்து முடித்தவர்கள் அதில் சேர்த்துக்கொண்டே போகட்டும்.